பத்து வரை சொல்கிறாள், எண்ணத்தான் வரவில்லை

மூன்று வயது மகள் பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் படத்தில் இருக்கும் நாலு நாய்க்குட்டிகளை எண்ணச் சொன்னால் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருக்கிறாள், சிரிக்க வைக்கிற மாதிரி எண்ணும் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம், இந்த வயதில் அப்படித்தான். எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று விரல் வைத்து எண்ணுவது வேறு; கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பல பிள்ளைகளுக்கு நாலு வயதை ஒட்டித்தான் பிடிபடும்.

சாண்ட்ரா பாயின்டன் எழுதி வரைந்த 'ஹிப்போஸ் கோ பெர்சர்க்' (1977) வாங்குங்கள். தனியாக இருக்கும் ஒரு நீர்யானை இரண்டு பேருக்கு போன் போட, மூன்று, நாலு என்று கூட்டம் சேர்ந்து வீடே அமளிதுமளியாகும், அப்புறம் ஒவ்வொரு கும்பலாகக் கிளம்பிப் போகும். அதை முதலில் சிரிக்க மட்டும் படியுங்கள், எண்ணச் சொல்லாதீர்கள். எண்ணுவதற்கு ஐந்துக்குள் இருக்கும், விலங்குகளைத் தள்ளித் தள்ளி வரைந்த புத்தகம்தான் நல்லது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள்.

அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு நாய்க்குட்டியின் மூக்கிலும் வைத்து "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று நிதானமாகப் போங்கள், முடிந்ததும் "மொத்தம் நாலு!" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தப்பாக எண்ணினால் திருத்தாதீர்கள். சில நாள் கழித்து நீங்கள் வேண்டுமென்றே ஒரு குட்டியை விட்டுவிட்டு எண்ணுங்கள், கண்டுபிடித்துக் கத்துகிறாளா என்று பாருங்கள்.