மத்தியதரைக் கடலில் குழுவாக ஸ்கூபா: எங்கே போவது, எதை முதலில் முடிவுசெய்வது?

கேள்வி: நாங்கள் கோவையைச் சேர்ந்த ஒன்பது நண்பர்கள். ஐந்து பேர் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்கள். இருவரிடம் அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கிறது. மற்ற இருவருக்கு டைவிங் தெரியாது. எங்களில் ஒருவருக்கு வயது 52, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு வாரம் மத்தியதரைக் கடலில் டைவிங் செய்யவும், மூழ்கிய கப்பல்களைப் பார்க்கவும் விரும்புகிறோம். எந்த இடம் பொருத்தமாக இருக்கும்?

பதில்: உங்கள் குழுவுக்கு நான் மால்டாவைப் பரிந்துரைப்பேன், அதிலும் தலைநகர் வாலெட்டாவின் சுற்றுப்புறத்தில் தங்காமல், வடக்கே உள்ள கோசோ தீவில் தங்கும்படி சொல்வேன். ஸ்பெயினின் மெடெஸ் தீவுகளில் மீன்வளம் இதைவிட அதிகம். துருக்கியின் காஷ் நகரில் செலவு குறைவு. ஆனால் அங்கெல்லாம் பெரும்பாலும் படகில்தான் டைவிங். படகு என்றால் ஒருவருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிட்டாலும், ஒருவருக்குக் காது அடைத்துக்கொண்டாலும் மற்றவர்களின் திட்டமும் அதனால் பாதிக்கப்படும். கோசோவில் பெரும்பாலான இடங்களுக்குக் கரையிலிருந்தே இறங்கலாம் என்பதால், இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து அவரவர் அனுபவத்துக்கேற்ற ஆழத்துக்குப் போய்த் திரும்ப முடியும். ஆங்கிலம் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதும், நம் ஊரைப்போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதும் கூடுதல் வசதிகள்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேவ்லாக்கில் பார்த்த பவளப்பாறைகளையும் வண்ண மீன் கூட்டங்களையும் எதிர்பார்த்துப் போனால் முதல் நாளே ஏமாற்றமாக இருக்கும். இந்தக் கடலின் அழகு வேறு வகையானது. சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், குகைகள், அவற்றுக்குள் சாய்வாக விழும் வெளிச்சம், பொசிடோனியா என்னும் கடற்புல் வெளிகள், பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் ஆக்டோபஸ், அவ்வப்போது கடந்து செல்லும் பாரகுடா கூட்டம், இவற்றோடு நீங்கள் கேட்ட மூழ்கிய கப்பல்கள். நீர் தெளிவாக இருக்கும் நாள்களில் 30 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை. போதாததற்கு ஆகஸ்ட் 15 அங்கே மரியன்னை விண்ணேற்புத் திருவிழா, அரசு விடுமுறை. கடல்நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் என்பதால், செப்டம்பர் இறுதியிலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரியாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். நம் பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அதையொட்டியே வருவதால் குடும்பம் உள்ளவர்களுக்கும் வசதி. அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு புயல்மழைக்கான வாய்ப்பு கூடிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் நீர் 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும் என்பதால் அந்த மாதங்கள் உங்களுக்குச் சரிப்படாது.

இனி கப்பல்கள். இங்கேதான் குழுவுக்குள் மனக்கசப்பு முளைக்கும். மால்டாவின் புகழ்பெற்ற கப்பல்கள் பலவும் ஆழத்தில் கிடக்கின்றன. 1995இல் கப்பல் தளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 9 தொழிலாளர்களைப் பலிகொண்டு, 1998இல் மூழ்கடிக்கப்பட்ட உம் எல் ஃபாரூத் என்னும் எண்ணெய்க் கப்பல் சுமார் 36 மீட்டர் ஆழத்தில் மணலில் அமர்ந்திருக்கிறது. மால்டா பெருந்தீவின் வடமுனையில் உள்ள சிர்கெவ்வா துறைமுகத்தை ஒட்டி 1992இல் மூழ்கடிக்கப்பட்ட ரோஸி என்னும் இழுவைக் கப்பலும், 2007இல் மூழ்கடிக்கப்பட்ட பி29 ரோந்துக் கப்பலும் ஏறத்தாழ 35 மீட்டரில் இருக்கின்றன. கோசோவின் ஷாத் லஹ்மாரில் 2006இல் இறக்கப்பட்ட கார்வெலா, கொமினோலாண்ட் என்னும் இரண்டு பயணிகள் கப்பல்களின் அடித்தளம் 40 மீட்டரை நெருங்கும். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர், அட்வான்ஸ்டு சான்றிதழுக்கு 30 மீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கப்பல்களில் இறங்க உங்கள் ஒன்பது பேரில் இன்றைய நிலையில் இருவருக்கு மட்டுமே தகுதி உண்டு. அவர்களும் மேல்தளத்தோடு நின்றுகொள்ள வேண்டும்.

மற்ற ஐந்து பேரும் அங்கேயே முதல் இரண்டு மூன்று நாள்களில் அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிடலாம் என்று டைவ் சென்டர்கள் சொல்லும். ஐந்து டைவ்கள் கொண்ட அந்தப் பயிற்சி நல்லதுதான். ஆனால் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காகக் காற்று அதிக நேரம் வராது. 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். மேலே திரும்பும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்தால், செலவுசெய்யக் கிடைப்பது 1,800 லிட்டர். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதால், நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு, 18 மீட்டர் ஆழத்தில் 56 லிட்டரும் 30 மீட்டரில் 80 லிட்டரும் செலவாகும். அதாவது 18 மீட்டரில் சுமார் 32 நிமிடம் நீடிக்கும் அதே சிலிண்டர், 30 மீட்டரில் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்து 22 நிமிடம்தான் நீடிக்கும். புதியவர்கள் பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டருக்கு மேலும் இழுப்பார்கள். டைவ்களைப் பதிவுசெய்யும் லாக்புக்கில் இருபது டைவ்கூட இல்லாதவர்களை ஆழமான கப்பலுக்கு அழைத்துச் செல்வதை நான் ஆதரிப்பதில்லை. அவர்களுக்கு வாலெட்டாவை ஒட்டிய மார்சம்ஷெட் துறைமுகத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மாவோரி இருக்கிறது. 1942இல் குண்டுவீச்சில் மூழ்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் அது. பாதி மணலில் புதைந்து, பார்வைக்கு எலும்புக்கூடு போல இருந்தாலும், டைவிங்குக்காக வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களைவிட அதில் வரலாறு அதிகம்.

அந்தமானில் வெட்சூட் என்னும் மெல்லிய ரப்பர் உடையும் அலுமினிய சிலிண்டரும் அணிந்து பழகியவர்களுக்கு மால்டாவில் முதலில் குழப்பம் தருவது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடைதான். செப்டம்பரில் 5 மில்லிமீட்டர் வெட்சூட் தேவைப்படும். தடிமனான அந்த உடை உங்களை மேலே தள்ளும். மத்தியதரைக் கடலில் உப்பும் அதிகம் என்பதால் மிதப்பு இன்னும் சற்றுக் கூடும். மறுபக்கம், அங்கே பெரும்பாலும் எஃகு சிலிண்டர்தான் தருவார்கள்; அது உங்களைக் கீழே இழுக்கும். இவற்றைக் கூட்டிக் கழித்து எத்தனை கிலோ வேண்டும் என்று வீட்டிலிருந்தே கணக்கிட முயலாமல், முதல் டைவின் முடிவில் சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் பி.சி.டி.யை (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) முழுவதும் காலிசெய்துவிட்டு அசையாமல் நின்று பாருங்கள். மேலே மிதந்தால் எடை போதாது, மூழ்கினால் அதிகம். இதற்காகவே முதல் நாளை ஆழமில்லாத அமைதியான விரிகுடா ஒன்றில் கழிக்கும்படி கைடிடம் கேளுங்கள். ம்ஜார் இஷ்-ஷினி அதற்கு ஏற்ற இடம்.

எந்த நாளில் எந்த இடம் என்று இப்போதே அட்டவணை போடாதீர்கள். மத்தியதரைக் கடலில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்றவற்றம்) மிகக் குறைவு. அங்கே டைவிங்கைத் தீர்மானிப்பது காற்று. மால்டா மக்கள் மஜ்ஜிஸ்ட்ரால் என்று அழைக்கும் வடமேற்குக் காற்று வீசினால் மேற்குக் கரையில் உள்ள ட்வெய்ராவில் இறங்கவே முடியாது. ஆனால் அதே நாளில் தென்கிழக்கில் ஷாத் லஹ்மார் குளம் போல இருக்கும். ஷ்லொக் என்னும் தென்கிழக்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழாகி, மார்சல்ஃபோர்னை ஒட்டிய வடகரை கைகொடுக்கும். சிறிய தீவு என்பதால் மறுகரைக்கு வண்டியில் அரைமணி நேரத்தில் போய்விடலாம்.

கோசோவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ட்வெய்ராவில் பாறைக்குள் அமைந்த ப்ளூ ஹோல் என்னும் இயற்கையான நீர்க்குழி. அதன் அருகே நின்ற அஸூர் விண்டோ என்னும் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்தது. அதன் பெரும் பாறைத் துண்டுகள் இப்போது கடலுக்கடியில் டைவிங் செய்யும் இடமாகிவிட்டன. ப்ளூ ஹோலின் உள்ளே ஆழம் சுமார் 15 மீட்டர். பக்கவாட்டில் உள்ள பாறை வளைவு வழியாக வெளிக்கடலுக்குப் போகலாம். ஓப்பன் வாட்டர் தகுதிக்கு உட்பட்ட இடம்தான், ஆனால் கடினமான பகுதி நீருக்கு வெளியே இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து முழு உபகரணத்தையும் சுமந்துகொண்டு, படிகளில் இறங்கி, கூர்மையான மேடுபள்ளமான பாறைகளின் மீது கவனமாகக் கால் வைத்து நடக்க வேண்டும். தடிமனான அடிப்பாகம் உள்ள பூட்டிஸ் என்னும் டைவிங் காலணி இல்லாமல் அங்கே போகவே கூடாது. திரும்பும்போது அலை இருந்தால் பாறையைப் பிடித்து ஏறும் அந்த ஒரு நிமிடம்தான் அன்றைய டைவின் மிக ஆபத்தான நிமிடம்.

அதனால்தான் 52 வயது நண்பரின் விஷயத்தை இந்த நடையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். டைவ் சென்டர்கள் பயன்படுத்தும் மருத்துவப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களின் இரத்த அழுத்தம் குறித்துத் தனிக் கேள்வி உண்டு. அதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் நீரில் இறக்க மாட்டார்கள். மாத்திரையை மறைத்து ‘இல்லை’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும் என்பதோடு, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீருக்கடியில் நுரையீரலில் நீர் கோக்கும் அபாயமும் இருக்கிறது. கோவையிலேயே இதயப் பரிசோதனை செய்து, எந்த மாத்திரை என்பதையும் டைவிங் செய்யப்போவதையும் மருத்துவரிடம் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்படட்டும். மருத்துவர் அனுமதித்தாலும் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டைவ் போதும். ட்வெய்ராவில் அவருடைய சிலிண்டரை வேறொருவர் சுமக்கட்டும்.

காப்பீட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மால்டா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ள நாடு. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதற்காக வாங்கும் சாதாரண பாலிசிகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். ஆகவே டைவிங்குக்கெனத் தனிக் காப்பீடு ஒன்பதில் நீரில் இறங்கும் எல்லாருக்கும் வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறினால் உடலில் வாயுக் குமிழிகள் உருவாகி வரும் அழுத்தநோய்க்குச் சிகிச்சையளிக்கும் உயரழுத்த அறை மால்டாவின் மேட்டர் டெய் மருத்துவமனையில் இருக்கிறது. அவசர எண் 112. விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒருவருக்கு மறுக்கப்படவும் கூடும்.

டைவிங் தெரியாத இருவரும் அந்த ஒரு வாரத்தில் புதிதாகக் கற்க முயல வேண்டாம். விருப்பம் இருந்தால் பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் இந்தியாவிலேயே முடித்து, கடல் டைவ்களை மட்டும் அங்கே முடிக்கும் முறை இருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழமையான ஜகாந்தியா கற்கோயில்களும், விக்டோரியா நகரின் கோட்டையும், ஷ்வெய்னி உப்பளங்களும் இருக்கின்றன. அவர்கள் பொழுதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்களின் செலவுக் கணக்கை மட்டும் தனியாக வைத்துவிடுங்கள்.

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள், அழுத்தநோயைத் தவிர்க்க, விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு முழு நாளை விட்டுவிடுங்கள் என்பேன். கோசோவிலிருந்து கப்பலில் சிர்கெவ்வாவுக்கு வர ஏறத்தாழ 25 நிமிடம்தான் ஆகும் என்பதால், அந்தக் கடைசி நாளை வாலெட்டாவைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் எல்லாருடைய சான்றிதழ், கடைசியாக டைவ் செய்த மாதம், உயரம், எடை, காலணி அளவு ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்று சொன்னால் வேறு சென்டரைப் பாருங்கள். காற்றினால் டைவ் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா, விசா கிடைக்காதவரின் முன்பணம் என்னாகும் என்பவற்றை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். விமானச் சீட்டை விசா கையில் வந்த பிறகே எடுங்கள். அதற்கு முன் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரத்துசெய்தால் பணம் திரும்பும் சீட்டாக எடுங்கள்.