கிண்டல் செய்து வைத்த பெயர்

கேள்வி: ‘மெதடிஸ்ட்’ என்ற கிறிஸ்தவ சபையின் பெயர், கல்லூரிப் பையன்கள் கேலியாக வைத்தது என்கிறார் என் மாமனார். நிஜமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமனார் சொன்னது சரிதான். 1729-இல் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மாணவரும், பின்னாளில் அண்ணனோடு சேர்ந்து மெதடிஸ்ட் இயக்கத்தை வளர்த்தவருமான சார்லஸ் வெஸ்லி, இரண்டொரு நண்பர்களோடு சேர்ந்து வேதம் படிக்க ஆரம்பித்தார். அண்ணன் ஜான் வந்து சேர்ந்ததும் தலைமை அவர் கைக்குப் போனது (அண்ணன்மார் எங்கும் அப்படித்தான்!). புதன், வெள்ளி பிற்பகல் 3 மணி வரை பட்டினி, வாரம் தவறாமல் திருவிருந்து (சர்ச்சில் அப்பமும் திராட்சை ரசமும் பெறும் சடங்கு), ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு. சக மாணவர்கள் சும்மா விடுவார்களா? ‘புனிதர் கிளப்’, ‘பைபிள் அந்துப்பூச்சி’, ‘மெதடிஸ்ட்’ என்று ஓட்டித் தள்ளினார்கள். கடைசிப் பெயருக்கு, எதற்கெடுத்தாலும் ‘முறை’ பார்ப்பவர்கள் என்று பொருள்.

எனக்குப் பிடித்தவர் அவர்களில் ஒருவரான வில்லியம் மார்கன். அவர் வற்புறுத்தித்தான் 1730-இல் வெஸ்லி சகோதரர்கள் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டைச் சிறைக்குக் கைதிகளைப் பார்க்கப் போனார்கள். 1732-இல் மார்கன் இறந்ததும், பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஜான், மார்கனின் அப்பாவுக்கு நீளமாகக் கடிதம் எழுதி விளக்க வேண்டியதாயிற்று.

1735-இல் வெஸ்லி சகோதரர்கள் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் கேலிப் பெயரோ 1814-இல் மிஷனரிகளோடு இலங்கையிலும் வந்து இறங்கியது.