பொன்வெயிலைப் படமெடுக்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சூரியன் உதித்து ஒரு மணி நேரம் வரை நல்ல வெளிச்சம் இருக்கும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எங்கள் கடற்கரையில் அரை மணி நேரத்துக்குள் வெயில் வெளுத்துவிடுகிறதே, ஏன்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரக் கணக்கு வட ஐரோப்பாவுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அடிவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி உயரம் ஏறும்வரைதான் இந்த நிறம் தூக்கலாக நிற்கும். லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுவதால் இந்த 6 டிகிரியைக் கடக்க ஜூன் மாதத்தில் 50 நிமிடம் ஆகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். சென்னையில் எந்த மாதமானாலும் 25 முதல் 27 நிமிடம்தான். அந்தி வெளிச்சமும் இங்கே அதேபோல் சீக்கிரம் முடிந்துவிடும்.

அதனால் உதய நேரத்துக்குக் குறைந்தது 40 நிமிடம் முன்பே இடத்தில் இருங்கள். எங்கே நிற்பது, எது முன்னால் வரவேண்டும் என்பதையெல்லாம் அந்த இருட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வானத்தில் நிறம் கூடியிருக்கும், ஆனால் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/4 வைத்தால்கூட ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/8 விநாடி அளவுக்கு இறங்கிவிடும், ட்ரைபாட் இல்லாமல் முடியாது. சூரிய விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சூரியனையே படமெடுப்பதென்றால் அந்த இரண்டு நிமிடமும் அடுத்த ஐந்தும் போதும். அதன் பிறகு திரும்பி நின்றுகொள்ளுங்கள். படகு, வலை, மணல் மேடு, மனித முகம் எல்லாவற்றிலும் பக்கவாட்டு வெயில் விழும் அடுத்த 15 நிமிடம்தான் முழுக் காலையிலும் விலை மதிப்புள்ளது. சூரியனையே பார்த்துக்கொண்டு நின்று அதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

உதய நேரத்தை அன்றன்றைக்குப் பாருங்கள். சென்னையில் மே மாத இறுதியில் காலை 5.40-ஐ ஒட்டி உதிக்கும் சூரியன், ஜனவரி இறுதியில் 6.35-ஐ ஒட்டித்தான் வருகிறது. மார்கழியில்தான் மிகத் தாமதமாக உதிக்கிறது என்று நினைத்துப் போனால் கணக்குத் தப்பும்.

கேள்வி: கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரியும் வெயில், செல்போன் படத்தில் சாதாரண வெள்ளை வெளிச்சமாக வருகிறது. போன் சரியில்லையா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பிரச்சினை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் இருக்கிறது. எந்த விளக்கின் கீழ் எடுத்தாலும் வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அது நிறத்தைத் திருத்துகிறது. உங்களுக்கு வேண்டிய மஞ்சளையே குறை என்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடுகிறது.

புரோ மோட் உள்ள போனில் டபிள்யூபி (ஒயிட் பேலன்ஸ்) என்பதைத் தொட்டு, ஆட்டோவை எடுத்துவிட்டு 5500 கெல்வினில் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) நிறுத்துங்கள். வெயில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாகும். இன்னும் சூடாக வேண்டுமென்றால் 6500 வரை போகலாம். 7500-க்குப் போனால் சட்டை, பல், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சளடித்துவிடும். கேமராவில் என்றால் டேலைட், க்ளவுடி, ஷேட் என்ற வரிசையில் சூடு கூடிக்கொண்டே போகும். பெரும்பாலான மாலைகளுக்கு க்ளவுடி போதும் என்பது எங்கள் கருத்து. ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுப்பவர்கள் இதைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் அங்கேயே சரிசெய்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு. போன் நிழல் பகுதியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்போது வானத்து நிறம் கரைந்துபோகிறது. திரையில் சூரியனுக்குப் பக்கத்திலுள்ள வானத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அருகில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, நிறம் கெட்டியாகும் இடத்தில் நிறுத்துங்கள். படகோ மனிதரோ கருநிழலாக வரவேண்டும் என்றால் ஹெச்டிஆரை (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்படுத்தும் வசதியை) அணைத்துவிடுங்கள். அது ஓயாமல் நிழலைத் தூக்கிக் காட்டி, கறுப்பாக இருக்க வேண்டியதைச் சாம்பலாக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எதிர்வெயில் விழுந்தால் படம் முழுக்கப் புகை படர்ந்தாற்போல் வரும்.

கேள்வி: பெரிய சிவப்புச் சூரியனுக்குள் ஒரு ஆள் நிற்பதுபோல் படங்கள் பார்க்கிறேன். நான் எடுத்தால் சூரியன் பொட்டு அளவுக்குத்தான் வருகிறது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சூரியன் வானத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் அரை டிகிரி மட்டுமே. லென்ஸின் மில்லிமீட்டரை 108-ஆல் வகுத்தால் சென்சாரில் (கேமராவுக்குள் படம் விழும் தகட்டில்) சூரியன் எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 24 மில்லிமீட்டர் அகன்ற லென்ஸில் 0.2 மில்லிமீட்டர், அதாவது ஃபுல் ஃப்ரேம் (24 மில்லிமீட்டர் உயரச் சென்சார்) படத்தின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் பொட்டு அதுதான். 400 மில்லிமீட்டரில் 3.7 மில்லிமீட்டர் வரும், உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. இதே லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் (அதைவிடச் சிறிய சென்சார்) போட்டால் கால் பங்கு அளவுக்கு நிரப்பும்.

ஆளை உள்ளே நிறுத்தவும் அதே 108 உதவும், ஆளின் உயரத்தை அதனால் பெருக்குங்கள். ஐந்தரை அடி ஆள் சூரியனின் உயரத்துக்குச் சரியாகத் தெரிய 180 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 350 மீட்டர் தள்ளிப் போனால் ஆள் பாதி வட்டத்துக்குள் அடங்கும், படமும் பார்க்க அழகாக இருக்கும். அபெர்ச்சரை எஃப்/11-ல் வைத்து ஆள்மேல் ஃபோகஸ் செய்தால் சூரிய விளிம்பும் ஓரளவு கூர்மையாக வரும். ஆள் கரையிலோ மேட்டிலோ உயரமாக நிற்க, நீங்கள் தாழ்வாக இருக்க வேண்டும். கையில் போன் வைத்துப் பேசிக்கொண்டே இடம் மாற்றினால்தான் இது நடக்கும், இரண்டே நிமிடத்தில் சூரியன் தன் உயரம் அளவுக்கு ஏறிவிடும்.

கவனம்: டெலி லென்ஸ் (தூரத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்) போட்ட டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. பார்வை போய்விடும். பின்பக்கத் திரையில் பாருங்கள். மேலே ஏறிய சூரியனை நோக்கிக் கேமராவை நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதும் சென்சாருக்கு ஆகாது.

கேள்வி: ஸ்ரீரங்கம் ராஜகோபுர உச்சியில் சூரியன் நிற்பதுபோல் எடுக்க ஆசை. போன வருடம் பார்த்த இடத்திலேயே நின்றால் கிடைக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: அதே தேதியாக இருந்தால் கிடைக்கும். ஓரிரு நாள் தள்ளினாலே மாறலாம். உதயப் புள்ளி ஜூன் 21-ஐ ஒட்டி நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே இருக்கும், டிசம்பர் 21-ஐ ஒட்டி அதே அளவு தெற்கே. அந்த இரு தேதிகளையும் ஒட்டிய வாரத்தில் அது அசையாததுபோல் இருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய சூரியனின் அகலம் நகர்ந்துவிடும்.

தூரம்தான் முக்கியம். கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சூரியன் உச்சியைத் தொடும்போது வெயில் வெளுத்திருக்கும். உச்சி 5 டிகிரி உயரத்தில் தெரிய, கோபுர உயரத்தைப்போல் 11 மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரம் வேண்டும். ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர், ஆகவே 820 மீட்டர். அவ்வளவு தள்ளி மேற்கே, மறைப்பில்லாத ஒரு மொட்டைமாடியைத் தேடுங்கள். நீங்கள் மாடியில் ஏறிய உயரத்தைக் கோபுர உயரத்தில் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, சூரியன் ஏறும்போது நேராகப் போகாமல் வலப்புறம், தெற்கே சாயும். அந்த அட்சரேகையில் 5 டிகிரி ஏறுவதற்குள் சுமார் 1 டிகிரி நகர்ந்திருக்கும். 820 மீட்டர் தூரத்தில் 1 டிகிரி என்பது 14 மீட்டர். உதயப் புள்ளிக்கு நேராக நின்றவர் இடப்பக்கம் 14 மீட்டர் நகர வேண்டியிருக்கும். அடுத்த மாடிக்குத் தாவ முடியாது என்பதால் சூரியப் பாதை காட்டும் செயலியில் முந்தைய நாளே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கல்யாண ஜோடியை மாலை வெயிலில் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகம் இருண்டுவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் முகம் மட்டும் வெளிறித் தெரிகிறது. (ஈரோடு ஸ்டுடியோ நண்பர்)

பதில்: ஃப்ளாஷ் ஒளி 5500 கெல்வினை ஒட்டியது, பின்னால் இருக்கும் வெயில் 3000 அளவில் இருக்கும் (ஒளியில் எண் குறையக் குறைய ஆரஞ்சு கூடும்; கேமரா அமைப்பில் எண்ணைக் கூட்டினால்தான் படம் சூடாகும்). இரண்டும் ஒட்டாது. ஃப்ளாஷ் முகப்பில் ஆரஞ்சு சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் நிறத்தாள்) போடுங்கள். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது அரை ஜெல், கடைசிப் பத்து நிமிடத்துக்கு முழு ஜெல். ஜெல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்பதால் ஃப்ளாஷ் சக்தியை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) வரை கூட்ட வேண்டிவரும்.

ஃப்ளாஷே வேண்டாம் என்றால் நம் ஊர் தெர்மாகோல் அட்டை இருக்கிறது. ஜோடிக்கு எதிரே, முகத்தை விடச் சற்று மேலே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழிருந்து அடித்தால் மூக்கு நிழல் மேல்நோக்கி விழுந்து முகம் கெடும். கேமரா அளப்பதைவிட ஒரு ஸ்டாப் கூட்டினால் முகம் தெளியும், வானம் கொஞ்சம் வெளுக்கும், அது பரவாயில்லை. மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைக்கும் அளவுக்குக் கூட்டாதீர்கள். பொன்வெயிலில் மிக அழகாகத் தெரிவதே அந்தத் தோல் நிறம்தான், அதை அப்படியே விடுங்கள்.

கேள்வி: வானம் மேகமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா? (கடலூர் வாசகி)

பதில்: மேகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாலையில் மேற்கு அடிவானம் திறந்திருந்து உயரத்தில் பஞ்சுப்பட்டை மேகம் இருந்தால், சூரியன் மறைந்த பத்து, பதினைந்து நிமிடத்தில் அது அடியிலிருந்து சிவக்கும். அதுதான் நல்ல நாள். அடிவானத்தையே கறுப்பு மேகம் அடைத்திருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. துளி மேகமற்ற வானத்தில் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் வானம் வெறுமையாக வரும். அன்றைக்கு வானத்தைக் குறைத்து, வெயில் விழும் பொருளை நெருங்கி எடுங்கள்.

கேள்வி: ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குப் போனதும் லென்ஸ் பனி பிடித்துவிடுகிறது. (புதுச்சேரி வாசகர்)

பதில்: குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். முதல்நாள் இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். முடியாவிட்டால் அறையிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி எடுத்துப்போய், வெளியே 30 நிமிடம் கழித்துத் திறங்கள், ஈரம் பைக்கு வெளியே படிந்துகொள்ளும். திரும்பி வந்ததும் லேசாக ஈரமான துணியால் கேமரா உடலிலிருக்கும் உப்பைத் துடைத்து, பிறகு உலர் துணியால் துடையுங்கள்.

கேள்வி: சூரியனைச் சுற்றி நட்சத்திரக் கதிர் போனில் வருமா? (சேலம் மாணவர்)

பதில்: பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர் மாறாது, ஆகவே வராது. கேமராவில் எஃப்/16 வைத்து, சூரியன் பாதியளவு ஒரு சுவர் விளிம்பிலோ கிளையிலோ மறையும்போது எடுங்கள். லென்ஸின் அபெர்ச்சர் இதழ்கள் இரட்டைப்படையில் இருந்தால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படையில் இருந்தால் இரண்டு மடங்கு.