தூங்குகிறவரிடம் கேட்க வேண்டாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சென்னையின் இரவைப் படமெடுத்து வருகிறேன். கோயம்பேடு பூ மார்க்கெட், காசிமேடு, பாரிமுனை என்று விடிய விடிய அலைகிறேன். என்.எஸ்.சி. போஸ் சாலை நடைபாதையில் குழந்தையோடு உறங்கிய ஒரு பெண்ணின் படம் (தூங்கிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை) கண்காட்சியில் இடம்பெற்றது, ஒரு பிரிண்ட் விற்றது. பாரிஸ் இரவுகளை எடுத்த புகைப்படக் கலைஞர் பிரஸ்ஸாய்தான் என் குரு. அப்பாவோ, 'ராத்திரி சுத்துறவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா? கல்யாண போட்டோவாவது எடு' என்கிறார். அவருடைய பென்ஷனில்தான் வீடு ஓடுகிறது. அவருக்குக் கலையை எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: தம்பி, அப்பா - மகன் வழக்கு எனக்கு வாராவாரம் வருகிறது. அது கொஞ்சம் காத்திருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர் பிடிக்காவிட்டால் 'இன்னாத்துக்குப்பா எடுக்குற?' என்று எகிறுவார். காசிமேட்டு மீன்கார அக்கா வாயைத் திறந்தால் கேமரா தானாகப் பைக்குள் போய்விடும். இந்தப் பெண்ணால் மட்டும்தான் எதுவும் சொல்ல முடியவில்லை. தெருவில் படுப்பவள் புடவையைக் கால்வரை இழுத்துச் சொருகிக்கொண்டு, பிள்ளையைச் சுவர்ப்பக்கம் போட்டுக்கொள்வது ஏன்? எவனாவது வருவானோ என்ற பயத்தில்தான். வீடில்லாதவளுக்கு அந்த முந்தானைதான் கதவு. மொட்டை மாடியில் தூங்கும் உங்கள் வீட்டுப் பெண்ணை எவனோ எடுத்துக் கண்காட்சியில் மாட்டினால், லைட்டிங் பிரமாதம் என்று பாராட்டுவீர்களா?

குருவையாவது ஒழுங்காகப் படித்தீர்களா? 1930களின் பிரஸ்ஸாய் கையில் இருந்தது, படம் பதியும் கண்ணாடித் தகடு போட்ட கேமராவும் ஸ்டாண்டும். ஒரு சிகரெட் எரிந்து தீரும் நேரத்தை எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் வெளிச்சம் விடும் நேரம்) கணக்காக வைத்துக்கொண்டவர். உள்ளறைகளில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார். அதை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக எடுக்க முடியுமா? மதுக்கடைகளில் உட்கார்ந்து பழகி, பல படங்களுக்கு ஆட்களை நிற்கவைத்தே எடுத்தார். உங்கள் கேமரா சத்தமே போடாது, அதனால் உங்களுக்குத்தான் கூச்சம் அதிகம் வேண்டும்.

ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு பகலில் அந்த நடைபாதைக்குப் போங்கள். கேமரா வேண்டாம். எங்கே மாட்டினீர்கள், எவ்வளவுக்கு விற்றது என்று அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாமென்றால் போட்ட எல்லா இடத்திலிருந்தும் படத்தை நீக்குங்கள். சரி என்றாலும் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் பேசாதீர்கள்.

அப்பா சொன்ன கல்யாண போட்டோ கேவலமில்லை. 'என்னப்பா, என் மூஞ்சி இப்படி விழுந்திருக்கு?' என்று கேட்கிறவர்களை எடுத்துப் பழகுவது இப்போது உங்களுக்கு மருந்து. அந்தக் காசில் கரண்ட் பில்லைக் கட்டுங்கள். அவர் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டே அவருக்குக் கலைப்பாடம் எடுப்பது அழகில்லை. பிரஸ்ஸாய் பாரிஸிலிருந்து ஊருக்கு, பெற்றவர்களுக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதினார். நீங்கள் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாவது போங்கள். பொண்ணு பார்க்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.