விருந்தினர் வரும் மாலைக்கு ஒரு வாய் அளவு பஃப்ஸ்

கேள்வி: அடுத்த மாதம் என் கணவர் பணி ஓய்வு பெறுகிறார். மதுரையில் எங்கள் வீட்டிலேயே 25 பேருக்கு மாலை 6 மணிக்குத் தேநீரும் சிற்றுண்டியும், எட்டரைக்கு வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடும் என்று ஏற்பாடு. பஜ்ஜி, போண்டா என்று எண்ணெய்ச் சட்டிமுன் நிற்க விருப்பமில்லை. கையில் எடுத்து அப்படியே சாப்பிடக்கூடிய சின்னச் சின்ன பஃப்ஸ் செய்ய ஆசை. 30 லிட்டர் ஓடிஜி (மின்சார பேக்கிங் அடுப்பு) இருக்கிறது. கடையில் உறைய வைத்து விற்கும் பஃப்ஸ் தாள்களை வாங்கி ஒருமுறை செய்து பார்த்தேன். அடிப்பாகம் சொதசொதவென்று இருந்தது, நெய் வடிந்து தட்டில் குளமாகிவிட்டது. தாளில் குறையா, அடுப்பில் குறையா? முந்தின நாளே செய்து வைக்க முடியுமா? வருபவர்களில் சிலர் முட்டை சாப்பிடமாட்டார்கள்.

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளங்களையும் வைத்துப் பார்த்தால் தாளின்மேலும் அடுப்பின்மேலும் பழி போட வேண்டியதில்லை. மாவு இளகிய பிறகு அடுப்புக்குள் போயிருக்கிறது, பூரணம் ஈரத்தோடு போயிருக்கிறது. இரண்டையும் எளிதாகச் சரிசெய்துவிடலாம். முந்தின நாள் வேலையும் தாராளமாக முடியும். முடியும் என்பதைவிட, அப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன்.

பஃப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. மாவு ஒரு படலம், வெண்ணெய் ஒரு படலம் என்று மடித்து மடித்துத் தேய்த்த அடுக்குகள்தான் அது. அடுப்பின் சூட்டில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. வெண்ணெய் உருகி ஒவ்வொரு அடுக்கும் மற்றதோடு ஒட்டாமல் தனித்தனியே மொறுமொறுப்பாகிறது. இது நடக்க வேண்டுமானால் அடுப்புக்குள் போகும் வரை வெண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டும். வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்குகிறது, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. மதுரையில் கோடைக்காலப் பிற்பகலில் சமையலறைச் சூடே அதைத் தாண்டிவிடும். தாளை மேடையில் வைத்துவிட்டு நிதானமாகப் பூரணம் நிரப்பிக்கொண்டிருந்தால், அடுப்புக்குள் போகும் முன்பே அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு வெண்ணெய்க்கு வடிவதைத் தவிர வழியில்லை.

ஆகவே முதல் விதி: மாவை விடியற்காலையில் அல்லது இரவு குளிர்ந்த பிறகு தேயுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். உறைந்த தாளை மேடையில் வைத்து இளக்காமல், முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். தாள் கையில் ஒட்டத் தொடங்கினாலோ, மேற்பரப்பு பளபளத்தாலோ, எந்த நிலையில் இருந்தாலும் வேலையை நிறுத்திப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். இந்தப் பொறுமைக்கு ஈடாக வேறு எந்த உத்தியும் இல்லை.

கடைத்தாள் வாங்கும்போது உறையின் பின்புறம் பாருங்கள். வெண்ணெய்யில் செய்ததா, மார்ஜரின் அல்லது தாவரக் கொழுப்பில் செய்ததா என்று எழுதியிருக்கும். பேக்கரிகள் மார்ஜரினை விரும்புவதற்குக் காரணம் உண்டு: விலை குறைவு, வெயிலுக்கும் எளிதில் இளகாது. ஆனால் அதே குணம்தான் வாயிலும் தொல்லை தருகிறது. வாயின் சூட்டில் முழுக்கக் கரையாமல் மேலண்ணத்தில் ஒரு பிசுக்கைப் படிய விடுகிறது. வீட்டு விருந்துக்கு நான் வெண்ணெய்ப் பக்கம்தான்.

தாள் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஓர் எளிய வடிவம் செய்யலாம். 250 கிராம் மைதா, சிறு துண்டுகளாக நறுக்கிய, கல் போல் குளிர்ந்த வெண்ணெய் 200 கிராம், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஐஸ் தண்ணீர் சுமார் 110 மி.லி. கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது என்பதால் மாவுக்குத் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் முக்கால் தேக்கரண்டி. மாவில் வெண்ணெய்த் துண்டுகளைப் புரட்டி, மொச்சைக்கொட்டை அளவு கட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி விட்டு, சாறு கலந்த தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது. ஒன்றாகச் சேர்ந்து நின்றால் போதும், பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, நீளச் செவ்வகமாகத் தேய்த்து, கடிதம் மடிப்பது போல் மூன்றாக மடித்து, கால்வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மடியுங்கள். இப்படி இரண்டு மடிப்பு, அரை மணி குளிர், மீண்டும் இரண்டு மடிப்பு. நான்கு மடிப்பில் 81 அடுக்கு வந்துவிடும். சிறிய பஃப்ஸுக்கு அது தாராளம். கடைசியாக ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் வெட்டிய துண்டுகள் அடுப்பில் சுருங்கிக் கோணலாகும்.

வீட்டில் கடைந்த வெண்ணெய்யைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் மோர் தங்கியிருக்கும், ஈரம் ஒரு முறை போல் மறுமுறை இருக்காது. நெய்யும் வேண்டாம். அதில் நீரே இல்லை, படலமாகவும் நிற்காது. கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பூரணம். பஃப்ஸ் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஈரமான மசாலா அடுப்பில் ஆவியைக் கக்கி அடித்தாளை அவித்துவிடுகிறது. சூடான மசாலாவோ, வைத்த அந்த நொடியே வெண்ணெய்யை உருக்கிவிடுகிறது. வாணலியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குள் நீர் ஓடி வரக் கூடாது. பிறகு அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் குளிர வைத்த பின்னரே நிரப்ப வேண்டும். தக்காளி வேண்டவே வேண்டாம். புளிப்புக்கு ஆம்சூர் பொடி (காய்ந்த மாங்காய்ப் பொடி) சிறிது தூவுங்கள். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்தால் நீர் குடிக்காது. கேரட்டைப் பட்டாணிக்கு மேல் பெரிதாக நறுக்காதீர்கள். காளான் பிடிக்கும் என்றால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். பொடியாக நறுக்கி, மூடாமல், பெருந்தீயில் நீர் முழுக்க வற்றி, வாணலியில் சுருசுரு என்ற ஓசை மாறும் வரை வதக்கிய பிறகு மிளகும் உப்பும் சேருங்கள்.

எந்தப் பூரணமானாலும் தனியாகச் சுவைக்கும்போது காரமும் உப்பும் ஒரு பிடி தூக்கலாகத் தெரிய வேண்டும். ஒரு பஃப்ஸுக்குள் போவது ஒரு தேக்கரண்டி மட்டுமே. சுற்றியிருக்கும் மாவு அதை மட்டுப்படுத்திவிடும்.

உங்கள் விருந்துக்கு என் யோசனை: மாவு ஒன்று, வடிவம் மூன்று. எட்டு வகை செய்து மலைக்க வைப்பதைவிட, மூன்றே வகை மொறுமொறுப்பாக வந்தால் விருந்தினர் மீண்டும் தட்டைத் தேடி வருவார்கள். பின்னால் சாப்பாடு இருப்பதால் ஆளுக்கு நான்கு ஐந்து துண்டுகள், ஆக 110 வரை போதும். மேலே சொன்ன அளவு மாவை இரண்டு முறை செய்துகொள்ளுங்கள்.

முதல் உருண்டையை 3 மி.மீ. கனத்தில் தேய்த்து 6 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 40 பஃப்ஸ் வரும். பாதிக்கு உருளை மசாலா. மீதிப் பாதிக்கு, கருவேப்பிலையும் பச்சைமிளகாயும் போட்டு நன்றாகச் சுருள வதக்கிய வெங்காய மசாலா அரைத் தேக்கரண்டி, அதன்மேல் பாதியாக வெட்டிய காடை முட்டை. பேக்கரி முட்டை பஃப்ஸின் சின்னத் தம்பி இது. உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் மூடி வந்து, கடித்தவுடன் மஞ்சள் கரு தெரியும்போது பெரியவர்களே குழந்தைகளாகிவிடுவார்கள். காடை முட்டையைக் கொதிநீரில் 4 நிமிடம் வேகவைத்தால் போதும். முட்டை சாப்பிடாதவர்களுக்காக ஓர் ஒழுங்கு: முட்டை வைத்தவற்றின்மேல் கருஞ்சீரகம், காய்கறி வைத்தவற்றின்மேல் வெள்ளை எள். நிறத்துக்கு எல்லாவற்றிலுமே முட்டைக்குப் பதில் பால் தடவுங்கள். காய்கறி பஃப்ஸை முதலில் சுட்டு எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது உருண்டையில் பாதியைச் செவ்வகமாகத் தேய்த்து, தேங்காய் சேர்க்காத கெட்டியான புதினாத் துவையலை மெல்லப் பூசி, சீஸ் துருவலைத் தூவிப் பாய் போலச் சுருட்டுங்கள். ஃப்ரீசரில் 20 நிமிடம் இறுகியதும் ஒரு செ.மீ. கனத்தில் வெட்டினால் 25 சக்கரங்களுக்குக் குறையாது. மீதிப் பாதியில் ஓமம், இடித்த மிளகு, சீஸ் தூவி, விரல் நீளக் கீற்றுகளாக வெட்டி முறுக்கினால் 40 குச்சிகள்.

வெட்டும்போது கத்தியை நேராக அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் ஓரத்து அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். பால் தடவும்போதும் வெட்டுமுகத்தில் வழியவிடக் கூடாது, அதுவும் பசையாகிவிடும். வெட்டி மிஞ்சிய ஓரங்களை உருட்டிப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் குச்சிகளுக்கு உதவும்.

சுடும் முறைக்கு வருவோம். மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு 210 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் ஓடிஜியைச் சூடேற்றுங்கள். விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பல ஓடிஜிகளில் குமிழ் காட்டும் அளவுக்கும் உள்ளே உள்ள சூட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். அடுப்புக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடேற்றி, பட்டர் பேப்பரில் அடுக்கிய குளிர்ந்த பஃப்ஸைப் பேப்பரோடு அந்தச் சூடான தட்டுக்கு நகர்த்துங்கள். அடிப்பாகச் சொதசொதப்புக்கு இதுதான் மருந்து. நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது, ஆவி எல்லாம் அப்போதுதான் வேலை செய்கிறது. பிறகு 180 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 8 முதல் 10 நிமிடம். பொன்னிறம் வந்ததும் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். பக்கவாட்டு அடுக்குகளும் வெளிறல் நீங்கிச் சிவக்க வேண்டும். வெளிறிய பக்கம் என்றால் உள்ளே மாவு வேகவில்லை. குச்சிகளுக்கு மொத்தமே 12 முதல் 15 நிமிடம் போதும்.

ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வைக்காதீர்கள். உங்கள் அளவு ஓடிஜியில் மேல்தட்டு கீழ்தட்டுக்கு வரும் சூட்டை மறைத்துவிடும். ஒரு தட்டில் இடைவெளி விட்டு 16 முதல் 20 துண்டுகள்தான் கொள்ளும். எல்லாவற்றையும் விருந்தினர் வந்த பிறகு சுடுவதென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியிலேயே நிற்க நேரிடும். கணவர் ஓய்வு பெறும் நாளில் நீங்கள் கூடத்தில் இருக்க வேண்டும்.

அதனால் வேலையை இப்படிப் பிரியுங்கள். ஒரு வாரம் முன்பே காய்கறி பஃப்ஸையும் சக்கரங்களையும் வடிவமைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, ஜிப் பைக்கு மாற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். சுடும்போது இளக்க வேண்டாம். உறைந்தபடியே வைத்து 4, 5 நிமிடம் கூடுதலாக விட்டால் சரி. உண்மையில் உறைந்த நிலையில் அடுப்புக்குப் போவதே மதுரை வெயிலுக்கு நல்லது. முட்டை வைத்தவற்றை மட்டும் உறைய வைக்கக் கூடாது, வெள்ளைக்கரு ரப்பர் போலாகிவிடும். அவற்றை விருந்தன்று காலையில் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். குச்சிகளை முந்தின நாளே சுட்டு, முழுக்க ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டால் மறுநாளும் மொறுமொறுப்பு போகாது. சக்கரங்களை அன்று மாலை 4 மணிக்குச் சுட்டுவிடுங்கள். காய்கறி பஃப்ஸ் ஐந்தரைக்கு, முட்டை பஃப்ஸ் ஆறுக்கு. நடுவே சக்கரங்களை 160 டிகிரியில் 5 நிமிடம் காட்டினால் புதிதாகச் சுட்டது போலாகும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், துவண்டுபோகும்.

சுட்டு எடுத்தவற்றைத் தட்டிலேயே விடாமல் கம்பி வலைமேல் ஆறவிடுங்கள். சூடு போகாமலிருக்கட்டும் என்று ஹாட்பாக்ஸில் போட்டு மூடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சப்பாத்திக்கு அது நல்லது, பஃப்ஸுக்கு அது எமன். உள்ளே வியர்த்து, அரை மணியில் எல்லா அடுக்கும் தொய்ந்துவிடும். திறந்த தாம்பாளத்தில், பேப்பர் விரித்துப் பரிமாறுங்கள்.

முட்டை வைத்தவை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் 170 டிகிரியில் 8 நிமிடம் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.