காரை ஓரங்கட்டி உள்ளே போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கே: மதுரையிலிருந்து காரில் கிளம்பி சிவகாசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என 2 நாளில் தொழிற்கூடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கிறோம். எதை முதலில் வைத்துக்கொள்வது? – வாசகி, ஈரோடு

ப: தூரத்தைப் பார்த்து வரிசை போடாதீர்கள். எங்கே எப்போது வேலை நடக்கிறது என்று பார்த்துப் போடுங்கள். உப்பளத்தில் விடியும்போதே இறங்கி, வெயில் உறைக்குமுன் கரையேறிவிடுவார்கள். நண்பகலில் போனால் உப்புக் குவியலும் கண்கூச்சமும்தான் மிச்சம். ஆகவே முதல் நாள் காலை சாத்தூரில் திரும்பி சிவகாசி, பிற்பகல் கோவில்பட்டி, இரவு தூத்துக்குடியில் தங்கல், மறுநாள் காலை 6 மணிக்கு உப்பளம்.

மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை உப்பளத்தை மறந்துவிடுங்கள். சிவகாசி அச்சகங்களோ ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் (மாதிரிப் படங்களின் தொகுப்பு) வெளியான பிறகுதான் சூடுபிடிக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆவணியே தோது.

உப்பளத்தில் தண்ணீரின் 'டிகிரி' அளக்கும் மிதவைக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். இது சூடல்ல, தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்ற கணக்கு. கடல்நீர் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு இறங்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கும். அப்படி வாரிய உப்பு கசக்கும், மூட்டையிலேயே நீர்விடும். அதனால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் கால் வைத்தால் அடிமண் கலங்கி உப்பு நிறம் மாறிவிடும். அது அவர்கள் கூலி.

கே: பட்டாசு ஆலைக்குள் விடுவார்களா? – வாசகர், சென்னை

ப: விடமாட்டார்கள், கெஞ்சவும் வேண்டாம். மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே சட்டத்தில் வரம்பு உண்டு. செருப்பின் உரசல், நைலான் துணியில் ஏறும் நிலைமின்சாரம், ஒரு செல்போன் – எது வேண்டுமானாலும் பொறியாகலாம். "எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்த ஆலை விதியை மதிக்காத ஆலை என்று அர்த்தம். அச்சகத்தைப் பாருங்கள், போதும்.

கே: கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், கரூர்

ப: வெல்லப்பாகை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் என்று பெருமை பேசலாம், ஆனால் தரம் அடுப்படியில்தான் முடிவாகிறது. கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார்கள். உருண்டையாக நசுங்கினால் இன்னும் ஆகவில்லை. எடுத்துத் தட்டினால் 'டங்'கென்று ஒலித்து, கடித்தால் படக்கென உடைய வேண்டும். முன்னதாக இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கருகல் கசப்பு ஏறிவிடும். வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுமுன்பே வெட்டுக்கோடு போட்டாக வேண்டும். ஆறிய பிறகு கத்தி வைத்தால் தூள்தான். மழைநாளில் வாங்கினால் வீடு சேர்ந்ததும் காற்றுப்புகா டப்பாவில் போடுங்கள். வெல்லம் ஈரத்தை இழுக்கும்.

கே: காரைக்குடிப் பக்கம் போகும்போது ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்த்து, 100 சதுர அடித் திண்ணைக்கு அப்படியே காரில் ஏற்றி வந்துவிடலாமா? – வாசகர், திருச்சி

ப: பார்க்கலாம், ஏற்றத்தான் முடியாது. 8 அங்குலச் சதுரக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல் வேண்டும். உடைவுக்கு 10 கூடுதல். கல் ஒன்று ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 350 கிலோவைத் தாண்டும். லாரியில் அனுப்பச் சொல்லுங்கள். படுக்கவைக்காமல், முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள்.

செய்முறையில் சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. அதன் கட்டங்களில் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கவனிக்க வேண்டிய நொடி அதுதான். கை சாய்ந்தாலோ குழம்பு நீர்த்திருந்தாலோ சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவல், அதன்மேல் கலவை நிரப்பிச் சமன்செய்தல், தண்ணீர்த் தொட்டியில் ஊறல், கடைசியில் வெயில். காய்ந்ததும் கண்ணாடி விட்டுப்போகும். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது, பாலிஷ் போட்டு வந்ததல்ல. அதனால்தான் பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவினால் முகமே போய்விடும். வாங்கும்போது கல்லைப் புரட்டி ஓரங்களைப் பாருங்கள். அவசரப்பட்டுக் கண்ணாடியைப் பிரித்த கல்லின் ஓரம் பொரிந்திருக்கும்.

கே: நீலகிரியில் ஒரு தேயிலை ஆலைக்குத் திங்கட்கிழமை போனோம், எந்திரம் எதுவும் ஓடவில்லை. ஏன்? – வாசகி, திருப்பூர்

ப: பறித்த இலையை இரவெல்லாம் வாடவைத்து மறுநாள்தான் அரைப்பார்கள். ஞாயிறு பறிப்பு இல்லையென்றால் திங்கள் அரைக்க இலை ஏது? செவ்வாய்க்குப் பிறகு, காலையில் போங்கள்.

கே: உள்ளே விட்டதற்குக் காசு கொடுக்க வேண்டுமா? – வாசகர், விழுப்புரம்

ப: சிறு பட்டறைகளில் கட்டணம் கேட்பது அரிது. முதல் நாளே போன் செய்து, 5 பேருக்கு மேல் போகாமல், அரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். சாப்பாட்டு நேரமான 1 முதல் 2 வரை வேண்டாம். படம் எடுக்குமுன் முதலாளியை மட்டுமல்ல, வேலை செய்பவரையும் கேளுங்கள். கிளம்பும்போது அங்கேயே ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாமல்.