மலைநடை கேள்வி – பதில்

கேள்வி: மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது. ஷூ சரியான அளவுதான். தினமும் போடும் அதே எண். எங்கே தவறு?

பதில்: அந்த 'அதே எண்'தான் தவறு. சுமையோடு பல மணி நேரம் நடந்தால் பாதம் வீங்கும். இறக்கத்தில் உடம்பின் எடை பாதத்தை முன்னால் தள்ள, ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனி ஷூவின் முனையில் இடிக்கும். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுவது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு அரை எண்ணோ ஓர் எண்ணோ கூடுதலாகத் தேவைப்படும். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், மலையில் போடப்போகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். முதலில் இன்சோலை (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தைத் தகடு) வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்க, நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ.க்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். (பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதைக் கவனிக்க மறந்துவிடுவார்கள்.) பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அகலம் போதாது. 'போடப் போட இளகிவிடும்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், நீளம் ஒருநாளும் கூடாது. பிறகு லேஸை இறுக்கிக் கட்டி மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். விரல் இடித்தால் அந்த ஷூ வேண்டாம்.

நீளம் சரியாக இருந்தும் குதிகால் மேலெழும்பினால் லேஸ் கட்டும் முறையை மாற்றுங்கள். கடைசி ஓட்டைக்குப் போகும்போது லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்து ஓட்டையில் நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்து, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டால் குதிகால் அசையாது. நகங்களையும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் புகாத ஷூதான் நல்லதா?

பதில்: குளிரிலும் பனியிலும் நல்லது. வெப்பமான இடத்துக்கும் அடிக்கடி ஓடை கடக்கும் பாதைக்கும் வலைத்துணி ஷூவே மேல். தண்ணீரைத் தடுக்கும் அந்தப் படலம் வியர்வையையும் முழுதாக வெளியே விடாது. கணுக்காலுக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டாலோ எளிதில் காயாது. வலைத்துணி நனையும், ஆனால் நடக்க நடக்கவே உலரும். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரிந்து கொப்புளம் போடும் என்பதால், உலரும் வேகம் முக்கியம். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை வாங்குங்கள். குதிகாலில் சூடோ எரிச்சலோ தெரிந்த அந்த நிமிடமே நின்று, பாதத்தைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். 'அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன் வாங்கிய பூட்ஸ். இரண்டே முறை போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது நடக்கும்போதே அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: பசையால் பயனில்லை. ரப்பர் சோலுக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே இருக்கும் பாலியூரித்தேன் நுரை, காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நிற்காது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் வேகம் கூடும். நுரையே உதிரும்போது பசை எதைப் பிடிக்கும்? மேல்பாகம் நன்றாக இருந்தால், சில பூட்ஸ்களுக்கு மட்டும் புது சோல் மாற்றித் தருவார்கள். இனி, பயணத்துக்கு முன்பே அந்த நுரைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசலோ தூளோ தெரிந்தால் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் கூடாது.

கேள்வி: முதுகுப்பை போட்டால் தோள் அறுக்கிறது. மெத்தை வைத்த வார் உள்ள பை வாங்கவா?

பதில்: சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது தோள் அல்ல, இடுப்பு. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி முதலில் அதை இறுக்குங்கள். அதன் பிறகே தோள்வார், கடைசியில் மார்புப் பட்டை. பட்டை வயிற்றுக்கு ஏறினால் பையின் முதுகு நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். உங்கள் உயரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது.

கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கம் வைத்தால் பின்னால் இழுக்கும். பல நாள் நடைக்கு மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ. மழைக்கு வெளியுறையைவிட, பைக்குள் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் அடுக்குவது நம்பகமானது.

கேள்வி: 0 டிகிரி என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக்கில் 5 டிகிரியிலேயே நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: லேபிளை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். லிமிட் என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். கீழே என்ன விரித்தீர்கள் என்பதும் கேள்வி. உங்கள் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே சூடு தங்காது, தரை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுப்பது பாய்தான். பாயில் 'ஆர்' மதிப்பு (சூடு தரைக்கு இறங்காமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) 2 என்றிருந்தால் கோடைக்குப் போதும். உறைநிலையை நெருங்கும் இரவுக்கு 4 அளவில் வாங்குங்கள்.